எச்சமும் கடனும்: பராமரிப்பு குறித்த ஓர் அறவியல் நோக்கு
(‘பேரன்பு’, ‘ஹவுஸ் ஓனர்’ ஆகிய திரைப்படங்களை முன்வைத்து)

முன்னுரை

பிறர் துணையின்றி உண்ணவோ உடுக்கவோ நடக்கவோ இயலாத பிள்ளையை வளர்க்கும் பெற்றோரிடம் ஓயாது எழும் வினா ஒன்று உண்டு. ‘எனக்குப் பின் இதற்கு யார்?’ என்பதே அவ்வினா. அன்பின் மிகுதியால் எழுவதாகத் தோன்றும் இவ்வினாவுக்குள் ஓர் அறச்சிக்கல் பொதிந்துள்ளது. தான் ஒருவரே இப்பிள்ளைக்கு உலகம் என்று தாயோ தந்தையோ நம்புவதற்கு அவர்தம் அன்பு மட்டும் காரணமா? அவ்வாறு நம்பும்படி அவர்களைத் தனியே விட்டுவிட்ட சுற்றமும் அரசும் காரணமா? பராமரிப்பு என்பது தனியொருவர் ஏற்கும் தியாகமா, பலர் பகிர்ந்துகொள்ள வேண்டிய கடனா?

இவ்வினாக்களை அண்மைக்காலத் தமிழ்த் திரைப்படங்களுள் இரண்டு கூர்மையாக எழுப்பியுள்ளன. இராம் இயக்கிய ‘பேரன்பு’, 2018 சனவரியில் ராட்டர்டாம் பன்னாட்டுத் திரைப்பட விழாவில் காட்டப்பெற்று, 2019 பிப்ரவரியில் திரையரங்குகளுக்கு வந்தது. லட்சுமி ராமகிருஷ்ணன் இயக்கிய ‘ஹவுஸ் ஓனர்’ அதே ஆண்டு ஜூன் மாதம் வெளியாயிற்று. பின்னது பெருநட்சத்திரங்கள் இன்றிச் சிறு செலவில், கதையின் பெரும்பகுதி ஒரே வீட்டுக்குள் நிகழுமாறு எடுக்கப்பட்ட படம். முன்னது மூளை முடக்குவாதம் உடைய மகளைப் பேணும் தந்தையைப் பற்றியது. பின்னது அல்சைமர் என்னும் மறதிநோய்க்கு ஆட்பட்ட கணவரைப் பேணும் மனைவியைப் பற்றியது. இவ்விரு படங்களையும் தமிழ் மரபிலுள்ள கடன் என்னும் கருத்தோடு வைத்து ஆராய்வதும், அவ்வாய்வின் முடிபைச் சூளூர்பேட்டை என்னும் எல்லையூரின் சூழலில் பொருத்திப் பார்ப்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புறநானூறு தரும் இரு பட்டியல்கள்

பேணுதல், ஓம்புதல், புரத்தல், புறந்தருதல் எனப் பராமரிப்பைக் குறிக்கும் சொற்கள் தமிழில் பலவாகும். இவற்றுள் புறந்தருதல் என்பதனைத் தாயின் கடனாகச் சொல்லும் புறநானூற்று 312ஆம் பாடல் யாவரும் அறிந்தது. பொன்முடியார் பாடிய இப்பாடலைத் தாய்மையின் பெருமை கூறுவதாகவே பெரும்பாலும் மேற்கோள் காட்டுவர். அதன் அமைப்பை நோக்கினால் வேறொன்று புலப்படும். ஒரு சிறுவனை ஆளாக்கும் பொறுப்பு அங்கு ஒருவரிடம் விடப்படவில்லை. தாய்க்கு ஒரு கடன், தந்தைக்கு ஒரு கடன், கொல்லனுக்கு ஒரு கடன், வேந்தனுக்கு ஒரு கடன், வளர்ந்த மகனுக்கு ஒரு கடன் என அது பங்கிடப்படுகிறது. வீடும் தொழிற்களமும் அரசும் ஒரு பிள்ளையைச் சுற்றி நிற்கின்றன. வளர்ப்பு என்பது கூட்டுக்கடன் என்பதற்குத் தமிழில் இதனினும் தெளிவான பழஞ்சான்று காண்டல் அரிது.

எனினும் இக்கடன்கள் அனைத்தும் போர்க்களத்தில் சென்று முடிகின்றன என்பது ஈண்டு நோக்கத்தக்கது. வேல் ஏந்தவல்ல மகனுக்காகவே ஊர் கூடுகிறது. வேல் ஏந்த இயலாத மகனுக்கு அல்லது மகளுக்கு யார் யார் கடன்பட்டவர் என்னும் வினாவை அப்பாடல் எழுப்பவில்லை.

அத்தகையோரைக் குறிக்கும் பட்டியல் அதே தொகையில் வேறோரிடத்தில் உள்ளது. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடிய 28ஆம் பாடலில், பார்வையின்மை, உறுப்பற்ற பிண்டம், கூன், குறள், ஊமை, செவிடு, விலங்கு வடிவம், மருள் என எட்டு வகைப் பிறப்புகள் எச்சம் எனத் தொகுக்கப்படுகின்றன. அவற்றால் பயன் இல்லை என முன்னோர் கூறியதாகப் புலவர் எடுத்துரைக்கிறார். மன்னனுக்கு அறமும் பொருளும் இன்பமும் உணர்த்துவதே புலவரின் நோக்கம். எண்வகை எச்சம் அதற்கு ஓர் ஒப்புமை மட்டுமே. ஆயினும் அவ்வொப்புமை எவ்விதத் தயக்கமும் இன்றிக் கையாளப்படுவது அக்கால மதிப்பீட்டைக் காட்டுகிறது எனலாம்.

ஆக, 312ஆம் பாடலின் பட்டியல் கடன்பட்டவர்களைக் கூறுகிறது. 28ஆம் பாடலின் பட்டியல் கடன்படப்படாதவர்களைக் கூறுகிறது. முதற்பட்டியலின் ஐவருக்கும் இரண்டாம் பட்டியலின் எண்மருக்கும் இடையே எவ்விதத் தொடர்பும் சுட்டப்படவில்லை. பிற்காலத்தில் திருக்குறள் 618ஆம் குறள், பொறியின்மை எவர்க்கும் பழியாகாது எனக் கூறி முயற்சியின்மையையே பழியாக்குகிறது. பொறி என்பதற்குப் பரிமேலழகர் விதி எனப் பொருள் கொண்டார்; உறுப்பு எனப் பொருள் கொள்வாரும் உளர். உறுப்பு எனக் கொண்டால், பழி நீங்கியது ஒரு பெரும் மாற்றமே. ஆனால் பழி நீங்குவது வேறு. கடன் பிறப்பது வேறு.

எச்சம் என்னும் சொல் இங்கு மேலும் எண்ணத்தக்கது. அது குறையைக் குறிக்கும். எஞ்சி நிற்பதைக் குறிக்கும். 114ஆம் குறளுக்குப் பரிமேலழகர் கொண்ட பொருளில் மக்களையும் குறிக்கும். ‘எனக்குப் பின் இதற்கு யார்?’ என வினவும் பெற்றோரிடம் இம்மூன்று பொருளும் ஒன்றுகூடுகின்றன. உலகம் குறையென்று காண்பதே அவர்களுக்கு மகவு; அவர்களுக்குப் பின் எஞ்சி நிற்கப் போவதும் அதுவே.

போற்றப்படும் தியாகம்

எச்சம் எனப்பட்டோர்க்குக் கடன்பட்டவர் இல்லாத நிலையில், அவ்விடத்தை நிரப்பியது தியாகம் பற்றிய கதை மரபு. நோயுற்ற கணவனைக் கூடையில் வைத்துத் தலையில் சுமந்த நளாயினியின் கதை இதற்குத் தக்க சான்று. தமிழ்நாட்டில் தலைமுறை தலைமுறையாகக் கற்பின் எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்டு வரும் இக்கதையில் நளாயினிக்குக் கூடையை இறக்கி வைக்க இடமில்லை. அவள் களைத்தாளா, மாற்றித் தோள்கொடுப்பார் உளரா என்று கதை கேட்பதில்லை. கேட்டால் அவளது பெருமை குறைந்துவிடும்.

இங்கேதான் அறச்சிக்கல் தொடங்குகிறது. சுமப்பவரைத் தெய்வமாக்கும் சமூகம் தான் சுமக்க வேண்டிய பங்கிலிருந்து விடுபடுகிறது. அதே வேளையில் சுமக்கப்படுபவர் பிறருடைய பெருமைக்கு ஒரு கருவியாகிறார். தமிழ்த் திரைப்படங்களிலும் இம்மரபு தொடர்ந்தது. மணிரத்னத்தின் ‘அஞ்சலி’ (1990), மனவளர்ச்சி குன்றிய குழந்தையை ஒளித்து வைக்கும் தந்தையின் அச்சத்தையும் அடுக்கக மக்களின் விலக்கத்தையும் நேர்மையோடு காட்டிய படம். ஆயினும் குழந்தை அனைவர் நெஞ்சிலும் இடம்பெற்ற பின் அவளது இறப்பிலேயே கதை முடிகிறது. மனம் மாறிய அந்த ஊர் அவளோடு நெடுநாள் வாழ்ந்து காட்டும் கடமைக்கு ஆளாகவில்லை.

பேரன்பு: ஏரிக்கரையும் கடற்கரையும்

‘பேரன்பு’ படத்தில் மம்மூட்டி ஏற்ற அமுதவன் தொடக்கத்திலேயே தியாகியாக அறிமுகமாவதில்லை. பல்லாண்டுகள் வெளிநாட்டில் பணிபுரிந்து, மகளின் வளர்ப்பை மனைவியிடம் விட்டிருந்தவன் அவன். தனியே சுமந்து களைத்த மனைவி விலகிச் சென்ற பின்னரே தந்தையாகத் தொடங்குகிறான். அம்மனைவியைக் குற்றவாளியாகக் காட்டாத படத்தின் நிதானம் பாராட்டத்தக்கது. நளாயினியின் கதை கேட்க மறுத்த வினாவைப் படம் தன் முதற்படியிலேயே கேட்டுவிடுகிறது: சுமந்தவள் கூடையை இறக்கி வைத்தால் அவளைப் பழிப்பதற்கு, சுமக்காதவர்க்கு என்ன தகுதி?

சாதனா நடித்த பாப்பா என்னும் சிறுமி தந்தையை உடனே ஏற்பதில்லை. மனிதர்களின் பார்வையிலிருந்து விலகி மலைப்பகுதியில் ஓர் ஏரிக்கரை வீட்டுக்கு அமுதவன் அவளை அழைத்துச் செல்கிறான். அன்பு போதும், மனிதர் வேண்டா என்பது அவன் முதலில் காணும் விடை. அவ்விடையைப் படம் படிப்படியாகத் தகர்க்கிறது. மகள் பூப்படையும்போது தந்தையின் கை அவளுக்குப் போதுமானதாக இல்லை. அவளே அதனை விரும்பவும் இல்லை. உதவிக்கு வேறொருவர் தேவைப்படுகிறார். தேவை எழுந்தவுடன் ஏமாற்றப்படும் வாய்ப்பும் எழுகிறது. வீட்டை இழந்து, நகருக்கு வந்து, காப்பகத்தில் மகளை விட்டு, அங்கு நிகழும் கொடுமையைக் கண்டு மீண்டும் அவளை அழைத்துக்கொள்கிறான். வளரும் மகளுக்கு உடல் சார்ந்த விருப்பங்களும் உண்டு என்னும் உண்மை அவனை மேலும் தடுமாறச் செய்கிறது. அவளுக்காக அவன் தேடிச் செல்லும் வழி அவனுக்கு ஓர் அறையைப் பெற்றுத் தருகிறது. அவ்வழி சரியா தவறா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். மாற்றுத்திறனாளி ஒருவரைக் குழந்தையாகவே என்றும் வைத்திருக்கும் மனப்போக்கை அப்பகுதி கேள்விக்கு உள்ளாக்குகிறது என்பதில் ஐயமில்லை.

படத்தின் அறவியல் மையம் கடற்கரைக் காட்சியில் உள்ளது. எல்லா வழிகளும் அடைபட்ட நிலையில் மகளோடு கடலில் மூழ்கி உயிர்விடத் துணிகிறான் அமுதவன். இத்துணிவு வெறுப்பினால் விளைந்ததன்று. தானின்றி அவள் வாழ்தல் கூடாது என்னும் பேரன்பினால் விளைந்தது. அக்காரணத்தாலேயே அது அஞ்சத்தக்கது. ஒருவரின் வாழ்வு தன்னோடு முடிந்துவிட வேண்டியது எனத் தீர்மானிக்கும் உரிமையை அன்பு தானே எடுத்துக்கொள்கிறது. பாப்பாவிடம் யாரும் கேட்கவில்லை. அவளால் சொல்ல இயலாது என்பது, அவளுக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்பதற்குச் சான்றாகாது. ‘எனக்குப் பின் யார்?’ என்னும் வினா விடையின்றி நீளும்போது ‘எனக்குப் பின் வேண்டா’ என்னும் முடிவாகத் திரிந்துவிடக் கூடும் என்பதைத் தமிழ்ப் படம் ஒன்று இத்தனை வெளிப்படையாகக் காட்டியது குறிப்பிடத்தக்கது.

அவர்களைக் காப்பாற்றுபவள் மீரா. திருநங்கையான அவளும் குடும்பத்தாலும் ஊராலும் விலக்கப்பட்டவள். அஞ்சலி அமீர் என்னும் திருநங்கைக் கலைஞரே இப்பாத்திரத்தை ஏற்றுள்ளார். பட்டியலுக்கு வெளியே நின்றவர்கள் தமக்குள் ஒரு கடன்பட்டியலை உருவாக்கிக்கொள்வதாக இம்முடிவைக் கொள்ளலாம். எனினும் ஒரு குறையையும் சுட்ட வேண்டும். பராமரிப்பைப் பகிர்வது திருமணத்தின் வழியாகவே நிகழ்கிறது. சுமை மீண்டும் ஓர் இல்லத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. மேலும் கதை முழுதும் அமுதவனின் குரலிலேயே சொல்லப்படுவதால், பாப்பா காணும் உலகம் எத்தகையது என்பதைப் பார்வையாளர் அவன் வாயிலாகவே அறிய வேண்டியுள்ளது.

ஹவுஸ் ஓனர்: நினைவிழந்தவரின் உரிமை

‘ஹவுஸ் ஓனர்’ இக்குறையை வேறொரு திசையிலிருந்து அணுகுகிறது. கிஷோர் ஏற்ற வாசுதேவன் ஓய்வுபெற்ற படைத்துறை அலுவலர். மனைவி இராதாவாக ஸ்ரீரஞ்சனி நடித்துள்ளார். நோயினால் வாசுதேவன் எதிரில் நிற்கும் மனைவியை அடையாளம் காண இயலாதவராகிறார். இளமைக்கால இராதா மட்டும் அவர் நினைவில் நிலைத்திருக்கிறாள். ஆனால் இவ்வீடு தம்முடையது, தாமே அதன் உரிமையாளர் என்னும் எண்ணம் அவரை விட்டு நீங்கவில்லை. படத்தின் பெயர் அதிலிருந்து பிறக்கிறது.

இதனை நோயின் பிதற்றல் என ஒதுக்கிவிடலாம். அவ்வாறு ஒதுக்காமையே இராதாவின் பராமரிப்பில் உள்ள அறம். பேணப்படுபவர் தம் வாழ்வுக்குத் தாமே உரியவர் என்று கோரும் கோரிக்கை அது. நினைவு, பெயர், உறவு ஆகிய யாவும் நழுவிய பின்னும் எஞ்சி நிற்கும் தன்னுரிமை உணர்வு அது. அவரைப் பொறுத்தவரை ஓர் அயலாளாகவே நின்றுகொண்டு, நன்றியோ அறிமுகமோ எதிர்பாராமல் இராதா பணி செய்கிறாள். அன்பு திரும்பி வராத இடத்திலும் பேணுதல் நடைபெறுகிறது.

இத்தகைய மேன்மை அவ்விருவரையும் காக்கப் போதுமானதாக இருந்ததா என்பதே படத்தின் இரண்டாம் வினா. கதை 2015 திசம்பரில் சென்னையை மூழ்கடித்த பெருவெள்ளத்தின்போது நிகழ்கிறது. நீர் வீட்டுக்குள் புகும்போது ஓடவும் உதவி கேட்கவும் வல்லவர்களுக்கே ஊர் வழிவகுத்திருந்தது. ‘வெளியேறுங்கள்’ என்னும் எச்சரிக்கை, கேட்பவருக்குக் காலும் நினைவும் துணையும் உண்டு எனக் கருதிக்கொண்டு விடுக்கப்படுவது. இராதா தனியே வெளியேறக் கூடியவள். கணவரை விட்டு வெளியேற இயலாதவள். பேணுபவரும் பேணப்படுபவரோடு சேர்ந்து எச்சமாகிவிடுவதை இப்படம் உணர்த்துகிறது. கதையைத் துயரத்துக்கு இட்டுச் செல்வது மறதிநோய் மட்டுமன்று. கதவைத் தட்ட எவரும் வராத தனிமையுமாகும்.

பகிர்தலும் ஒப்படைத்தலும்

பராமரிப்பைப் பலருக்குரிய கடனாக்கினால் அன்பு குன்றி அலட்சியம் மிகும் என்று ஒரு மறுப்பு எழக்கூடும். அதற்குச் சான்றாக இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் நிகழ்ந்த தீவிபத்தைச் சுட்டலாம். அங்கு ஒரு தனியார் காப்பகத்தில் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தப்பிக்க வழியின்றி மாண்டனர். பிறர் கையில் விட்டால் இதுதான் நேரும் என்று அஞ்சும் பெற்றோரைக் குறைகூற இயலாது. ‘பேரன்பு’ காட்டும் காப்பகமும் அவ்வச்சத்தையே உறுதி செய்கிறது.

ஆனால் ஏர்வாடியில் நிகழ்ந்தது பகிர்தல் அன்று, ஒப்படைத்தல். பகிர்பவர் தம் பங்கை வைத்துக்கொண்டு எஞ்சியதைப் பிறருக்குத் தருகிறார். கண்காணிப்பும் வருகையும் உரிமையும் தொடர்கின்றன. ஒப்படைப்பவர் முழுவதையும் இறக்கி வைத்துவிட்டு விலகுகிறார். தனியொருவரை எல்லை கடந்து சுமக்க விட்டால் அவருக்கு இறுதியில் எஞ்சுவது முழுச்சுமையும் அல்லது முழு விலகலுமே. பகிர்தலின்மையே ஒப்படைத்தலுக்கு வித்திடுகிறது.

மூளை முடக்குவாதம் உடைய மகளின் தாயான அமெரிக்க மெய்யியலாளர் ஈவா ஃபெடர் கிட்டே, 1999இல் வெளியிட்ட ‘லவ்ஸ் லேபர்’ என்னும் நூலில் இதனையொத்த கருத்தை முன்வைத்தார். பேறுகாலத்தில் தாய் சேயைப் பேண, அத்தாயைப் பேணும் பெண்ணைக் குறிக்கும் சொல்லிலிருந்து தம் கொள்கைக்குப் பெயர் அமைத்தார் அவர். பேணுபவரைப் பேணுவது சமூகத்தின் நீதிக்கடமை என்பது அதன் சாரம். தமிழருக்கு இது புதிதன்று. பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு செல்லும் வழக்கத்தின் உட்பொருள் இதுவே. சேயைத் தாய் பேண, தாயை அவள் தாய் பேணுகிறாள். அவ்வழக்கம் சில மாதங்களில் முடிந்துவிடுகிறது என்பதும், வாழ்நாள் முழுதும் நீளும் பேணுதலுக்கு அத்தகைய தாய்வீடு இல்லை என்பதுமே குறை.

பேணப்படுபவர் என்றும் பெறுபவராகவே இருப்பார் என்னும் எண்ணமும் முழு உண்மையன்று. 1975இல் கடற்படைத் தேர்வின்போது நேர்ந்த விபத்தில் கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். இராமகிருஷ்ணன் 1981இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். பல்லாயிரவர்க்கு மறுவாழ்வு அளிக்கும் நிறுவனமாக அது வளர்ந்தது. சென்னையில் 1985இல் தொடங்கப்பெற்ற வித்யாசாகர் நிறுவனமும் மூளை முடக்குவாதம் உடைய மகனின் தாயான பூனம் நடராசனால் உருவானது. ‘எனக்குப் பின் யார்?’ என்னும் தனி வினாவைப் பொது வினாவாக மாற்றியவர்கள் இவர்கள்.

சட்டமும் எல்லையூரும்

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஊதியம் பெற்றோ பெறாமலோ பேணுகின்ற எவரையும், பெற்றோர் உள்ளிட்ட குடும்பத்தினரையும், பராமரிப்பாளர் என வரையறுக்கிறது. மிகுந்த துணை தேவைப்படுவோருக்கான பராமரிப்பாளர் உதவித்தொகையையும் அதன் 24ஆம் பிரிவு குறிப்பிடுகிறது. எனினும் அரசின் பொருளாதார வலிமைக்கு உட்பட்டே என வரையறையும் செய்கிறது. இச்சட்டத்தால், ஊதியமின்றிப் பேணும் தாய்க்குச் சட்டத்தில் ஒரு பெயர் கிடைத்துள்ளது. அவளுக்கு மாற்றாள் கிடைத்தாரா என்பதே வினா.

இதனை ஓரூரில் பொருத்திப் பார்க்கலாம். சிறீகரிகோட்டா ஏவுதளத்தின் வாயிலாகவும் பழவேற்காடு ஏரியை அடுத்தும் அமைந்த சூளூர்பேட்டை, சென்னைப் புறநகர் மின்தொடர் வண்டிகள் வந்து சேரும் ஆந்திர எல்லையூர். நெல்லூர் மாவட்டத்தில் இருந்த அது 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது. அவ்வூரில் மூளை முடக்குவாதம் உடைய மகளைப் பேணும் ஒரு தமிழ்த்தாயைக் கருதிக்கொள்வோம். அறுவை மருத்துவம் வேண்டின் மேற்கே திருப்பதியில் தேவத்தானத்தின் பர்டு மருத்துவமனை உண்டு. பயிற்சி வேண்டின் தெற்கே சென்னையும், அதற்கு அப்பால் முட்டுக்காட்டில் 2005இல் நிறுவப்பெற்ற பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனமும் உண்டு. ஆந்திர அரசு 2024இல் மாற்றுத்திறனாளிகளுக்கான மாத ஓய்வூதியத்தை 6,000 ரூபாயாகவும், படுக்கையிலேயே கிடக்கும் நிலையினருக்கு 15,000 ரூபாயாகவும் உயர்த்தியது. சட்டமும் மருத்துவமும் பணமும் ஓரளவேனும் எட்டும் தொலைவில் உள்ளன.

இவையெல்லாம் இருந்தும் அத்தாயின் ஒரு நாளை எண்ணிப் பார்த்தால் குறை விளங்கும். மகளைத் தூக்கிக்கொண்டு வண்டி ஏற ஓர் ஆள் வேண்டும். அன்று வீட்டிலுள்ள முதியவரைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். அவளுக்கே காய்ச்சல் கண்டால் மகளுக்குச் சோறூட்ட ஓர் ஆள் வேண்டும். அலுவலகத்தில் தெலுங்கிலும் மருத்துவமனையில் தமிழிலும் மகளின் நிலையை எடுத்துச் சொல்ல அவள் ஒருத்தியே இருக்கிறாள். மகளின் அசைவையும் ஒலியையும் பொருளறிந்து மொழிபெயர்க்கும் அறிவு அவளிடம் மட்டுமே உள்ளது. அவ்வறிவு இன்னும் மூவரிடம் பரவியிருந்தால் மகளின் உலகம் மூன்று மடங்கு விரியும். பரவாத வரை, தாயின் களைப்பு மகளின் வாழ்வுக்கு எல்லையாகிறது. உதவித்தொகையைக் கணக்கிடும் அரசுகள் இந்த மாற்றாளைக் கணக்கிடவில்லை. ஊரும் கணக்கிடவில்லை, ‘தெய்வத்தாய்’ என்று கூறித் தன் பங்கை முடித்துக்கொள்கிறது.

முடிவுரை

பேணுபவரின் அன்பு எவ்வளவு பெரியது என்பதைக் கொண்டு பராமரிப்பை அளப்பது வழக்கம். அவ்வளவுகோலால் அளந்தால் அமுதவனுக்கு ஈடில்லை. அவனே மகளோடு கடலில் இறங்கியவன். ஆகவே வேறோர் அளவுகோல் தேவைப்படுகிறது. பேணுபவர் ஒரு நாள் இல்லாவிடினும் பேணுதல் தொடருமா? பேணப்படுபவர் ‘இது என் வீடு’ என்று சொன்னால் அதற்குச் செவி கிடைக்குமா? இவ்விரண்டுக்கும் ஆம் என்று விடை கூற முடியுமானால் அங்குப் பராமரிப்பு அறமாக நிற்கிறது. தன்னை இன்றியமையாதவராக ஆக்கிக்கொள்ளும் அன்பினும், தனக்கு மாற்றாளை ஆக்கி வைக்கும் அன்பு உயர்ந்தது. அவ்வாறு ஆக்கி வைப்பது தனியொருவரால் இயலாது. அண்டை வீட்டாரும் ஆசிரியரும் மருத்துவரும் அரசும் தத்தம் பங்கை ஏற்றால்தான் இயலும்.

பொன்முடியார் பாடல் ஒரு பிள்ளைக்கு ஐவரைக் கடன்பட்டவராக்கியது. அக்கடன்களின் முடிவில் போர்க்களத்தை வைத்ததே அதன் எல்லை. போர்க்களத்தை நீக்கிவிட்டுப் பங்கீட்டை மட்டும் வைத்துக்கொண்டால், எச்சம் என ஒதுக்கப்பட்ட எண்மருக்கும் அதில் இடமுண்டு. ‘எனக்குப் பின் இதற்கு யார்?’ என்னும் வினாவுக்கு உரிய விடையைப் பெற்றோர் தனியே தேடும்படி விட்டுவிடாமல், அவர்கள் உயிரோடு இருக்கும்போதே பிறர் தர முன்வருவதே இன்று அக்கடனைச் செலுத்தும் வழியாகும்.